கங்காணி கையெழுத்தும் கணவன் கையெழுத்தும்

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டிலிருந்து மனைவியையோ கணவரையோ பெற்றோரையோ அழைத்துக்கொள்ள என்னென்ன பாரங்கள், என்னென்ன விதிகள் என்று எனக்கு முன்னால் பேசிய வழக்கறிஞர் நண்பர் தெளிவாக விளக்கினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அரங்கிலிருந்து ஓர் அன்பர் எழுந்து, "என் மனைவி என் மனைவிதான் என்று நான் எதற்கு ஓர் அதிகாரியிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார். கைதட்டலும் கிடைத்தது. வழக்கறிஞர் சட்டப்படி பதில் சொல்லிவிட்டார். வரலாற்றுப்படி என்ன பதில் என்பதை நான் சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்தக் கையெழுத்து மிகப் பழைய வழக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. மனைவியை அழைத்துக்கொள்ளக் கணவன் அரசாங்கத்திடம் மனுப்போட வேண்டும் என்பது இந்த மண்ணில் 1953ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த சங்கதி. அதற்கு முன்பும் ஒருவருடைய கையெழுத்து இல்லாமல் ஏழைத் தமிழன் கப்பல் ஏறவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து கணவனுடையதன்று. கங்காணியுடையது.

கங்காணி என்றதும் நமக்குத் தலைப்பாகையும் கைத்தடியும் அதட்டலும்தான் நினைவுக்கு வருகின்றன. திரைப்படங்களும் நாடகங்களும் அப்படிக் காட்டிவிட்டன. அவர் செய்த கொடுமைகளை நான் மறுக்க வரவில்லை. ஆனால் அவரை ஆள் பிடிக்கும் தரகர் என்று மட்டும் பார்த்தால் நம் குடும்பங்கள் இங்கே எப்படி வந்தன என்பது விளங்காது. சஞ்சிக்கூலி முறையில் வந்தவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். ஒப்பந்தம் போட்டு, கடனுக்குக் கட்டுண்டு, முன்பின் தெரியாத தரகன் வழியாக வந்தவர்கள். அந்த முறையில் ஆள் எடுப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. ரப்பர் தோட்டங்கள் பெருகிய அந்தக் காலத்தில் அதன் இடத்தை நிரப்பியது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரையே துரை தேர்ந்தெடுத்து, கையில் உரிமச் சீட்டைக் கொடுத்து, சொந்த ஊருக்கு அனுப்பி வைப்பார். அவர் போய் யாரை அழைப்பார்? தன் அண்ணன் மகனை, மாமனை, மைத்துனனை, பக்கத்துத் தெருக்காரனை, தன் சாதிக்காரனை. வந்தவர்களில் பாதிப்பேர் அவரை "மாமா" என்றோ "சித்தப்பா" என்றோதான் கூப்பிட்டார்கள். ஒரே தோட்டத்து லயத்தில் ஒரே கிராமத்தார் வரிசையாகக் குடியிருந்ததற்கு இதுதான் காரணம். திருச்சி, தஞ்சாவூர், சேலம், தென்னாற்காடு, வடஆற்காடு என்று எந்த ஜில்லா ஆட்கள் எந்தத் தோட்டத்தில் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கங்காணி அழைத்து வரும் ஆளுக்கு ஊரில் கிராம முன்சீப் சான்று சொல்ல வேண்டும். இந்த ஆளை எனக்குத் தெரியும், இவர் போவதில் ஆட்சேபணை இல்லை என்ற பொருளில் அவர் கையொப்பம் இடுவார். ஒரு பக்கம் ஊரில் முன்சீப், இன்னொரு பக்கம் தோட்டத்தில் கங்காணி. இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஏழைக் குடும்பம். இன்றைக்கு நாம் "ஸ்பான்சர்" என்று சொல்கிறோமே, அந்தப் பொறுப்பு முழுவதும் அப்போது கங்காணியின் தோளில் இருந்தது. ஆட்களுக்குத் துணிமணி, வழிச்செலவு, ஊர்க்கடன் என்று முன்பணம் கொடுத்தவர் அவர். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் துரையிடம் தலைக்காசு வாங்கியவரும் அவரே. ஆகவே யாராவது ஓடிப்போனால் நட்டம் அவருக்கு. சொந்தக்காரனை அழைத்து வந்ததில் பாசமும் இருந்தது, கணக்கும் இருந்தது. சொந்தக்காரன் எளிதில் ஓடமாட்டான் என்ற கணக்கு.

கப்பல் கட்டணம் யார் கொடுத்தது? 1907ஆம் ஆண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தமிழ்த் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கும் முதலாளிகள் அனைவரும், ஆள் எடுக்க அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், ஒரு பொது நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தக் குடிபெயர்வு நிதியிலிருந்துதான் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் நடந்தன. கப்பல் சீட்டு, முகாமில் சாப்பாடு, இறங்கிய பின் தோட்டம் வரைக்கும் ரயில் கட்டணம் எல்லாமே அந்த நிதியின் செலவு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். பினாங்கில் இறங்கினால் முதலில் ஜெரெஜா தீவு, சிங்கப்பூரில் இறங்கினால் செயின்ட் ஜான்ஸ் தீவு. அங்கே தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் இருந்து வெளியேறிய பிறகுதான் மலாயா.

துரைமார்கள் குடும்பத்தை விரும்பினார்களா என்று கேட்டால், விரும்பவும் செய்தார்கள், தயங்கவும் செய்தார்கள். குடும்பமாக வந்தவன் நிலைத்து நிற்பான். மனைவியும் பால் வெட்டுவாள். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கு வரும். அது ஆதாயம். ஆனால் குடும்பத்துக்கு வீடு வேண்டும், மருத்துவச்சி வேண்டும், பிள்ளைக்குக் கொட்டகை வேண்டும். அது செலவு. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தபோது, அதன் கீழ் எழுதப்பட்ட விதிகள் தனியாகப் போகும் ஆண்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டின. பெண்களும் போதிய அளவில் போக வேண்டும் என்பது இந்தியத் தலைவர்களின் கோரிக்கை. சஞ்சிக்கூலிக் காலத்தில் பீஜியிலும் நேட்டாலிலும் பெண்கள் பட்ட பாட்டைக் கேட்டவர்கள் அவர்கள். ஆனால் மலாயாவுக்கு மட்டும் இந்த விதியிலிருந்து விலக்குக் கிடைத்தது. தோட்ட முதலாளிகள் கேட்டு வாங்கிய விலக்கு அது. 1921ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆண்களுக்குச் சுமார் 400 பெண்களே இருந்தார்கள். 1947இல்தான் அது 600ஐத் தாண்டியது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் நம் சமுதாயம் கூலிக் கூட்டமாக இருந்து குடும்பங்களாக மாறியது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றது. பிள்ளைகள் வந்ததால் பள்ளி வந்தது. இன்று நாம் காப்பாற்றப் போராடும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளுக்குத் தாய்மார்கள் கப்பல் ஏறியதுதான் முதல் அடித்தளம்.

தோட்டத்துக்கு வெளியே கதை வேறு. நகரத்தார் பெருமக்கள் மூன்றாண்டுக் கணக்குக்கு ஆள் அனுப்பினார்கள். பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர் மூன்றாண்டு முடிந்ததும் ஊர் திரும்புவார். மனைவி செட்டிநாட்டு வீட்டிலேயே இருப்பாள். கடற்கரைத் தமிழ் முஸ்லிம்களுக்குச் "சபர்" என்றே ஒரு சொல் உண்டு. சபர் போனவர் சபுராளி. அவர் வீட்டுப் பெண்களும் ஊரில்தான். இதில் கடையநல்லூர்க்காரர்கள் விதிவிலக்கு. நெசவு நொடித்துப் போன காலத்தில் அவர்கள் மனைவி மக்களோடு கிளம்பி வந்து சிங்கப்பூரிலும் பினாங்கிலும் குடியேறினார்கள். யாழ்ப்பாணத்தார் வந்த வழி இன்னொன்று. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்த ஓர் அண்ணன் தம்பியை அழைப்பார், தம்பி மச்சானை அழைப்பார். ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் "மலாயன் பென்சனியர்" என்று பெயரே இருந்தது.

இவர்களில் யாருக்கும் மலாயாப் பக்கம் நுழைவு அனுமதி என்பது ஒரு கவலையாக இருக்கவில்லை. இந்தியரும் இலங்கையரும் பிரிட்டிஷ் பிரஜைகள். 1933ஆம் ஆண்டு வந்த அந்நியர் சட்டம் சீனர்களைத்தான் குறிவைத்தது. நம்மை அது தொடவில்லை. அந்தச் சட்டமும் 1938 வரை சீனப் பெண்களுக்கு வரம்பு விதிக்கவில்லை. ஆண்களுக்கு வரம்பு, பெண்களுக்கு இல்லை என்றதும் சீனத்துப் பெண்கள் ஏராளமாக வந்து இறங்கினார்கள். சிங்கப்பூரில் சிவப்புத் தலைத்துணியோடு கட்டுமான வேலை செய்த சம்சுயி பெண்களில் பலர் அப்படி வந்தவர்கள்.

நமக்குத் தடை வந்தது இந்த நாட்டிலிருந்து அன்று; நம் தாய்நாட்டிலிருந்து. 1930இல் ரப்பர் விலை விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை மலாயா திருப்பி அனுப்பியது. வேண்டும்போது அழைப்பது, வேண்டாதபோது மூட்டை கட்டச் சொல்வது என்ற போக்கு இந்தியாவில் கோபத்தை உண்டாக்கியது. 1936 இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போய் அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கை மிதமானது, துரைமார்களுக்குச் சாதகமானது என்ற குறைபாடு அன்றே சொல்லப்பட்டது. பிறகு கூலி குறைப்பு விவகாரம் முற்றவே, 1938 ஜூன் 15ஆம் தேதி முதல் உதவிச் சீட்டில் தொழிலாளர் வருவதை இந்திய அரசாங்கம் நிறுத்தியது. கங்காணியின் கையெழுத்துக்கு அன்றோடு மதிப்புப் போயிற்று.

தேசியத் தலைவர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ வேண்டியதுதான். ஆனால் அடுத்த தடவை அழைத்துக் கொள்ளலாம் என்று மனைவியை ஊரில் விட்டு வந்திருந்த தொழிலாளிக்கு, இலவசச் சீட்டு இனி இல்லை என்ற செய்தி எப்படி இருந்திருக்கும்? மூன்றரை ஆண்டில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். கப்பல் இல்லை, கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை. சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களில் எத்தனையோ பேருக்கு ஊரில் மனைவி காத்திருந்தாள்.

போர் முடிந்து கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது. ரஜூலா என்ற பெயரைச் சொன்னால் இந்த அரங்கில் பாதிப்பேர் தலையாட்டுவீர்கள். 1926இல் கட்டப்பட்ட கப்பல்; சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு நம் உறவுகளைச் சுமந்தது. ஆடு மாடு போல மேல்தளத்தில் படுத்துக் கிடந்தோம் என்று குறைப்பட்டவர்களும் அதைப் "நம்ம கப்பல்" என்றுதான் சொன்னார்கள்.

அந்தக் கப்பலில் வரும் பெண்ணின் கையில் 1953 ஆகஸ்டு மாதத்திற்குப் பிறகு ஒரு புதிய தாள் தேவைப்பட்டது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. யார் வரலாம்? நாட்டின் வாணிபத்துக்கும் தொழிலுக்கும் பயன்படுகிறவர்கள், இங்கே கிடைக்காத திறன் உடையவர்கள், இங்கே நிலையாக வாழ்கிறவர்களின் குடும்பத்தார், இரக்க அடிப்படையில் சிலர். அவ்வளவுதான். சாதாரண ஏழைக்கு நான்கில் ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது. அது குடும்பக் கதவு. அதைத் திறக்கும் சாவி இங்கே இருக்கும் கணவனிடம் அல்லது தகப்பனிடம் இருந்தது. கங்காணி உட்கார்ந்திருந்த நாற்காலியில் சட்டம் கணவனைக் கொண்டுபோய் உட்கார வைத்தது.

அப்போதுதான் ஒரு சிக்கல் வெளிப்பட்டது. அவள் அவனுடைய மனைவிதான் என்பதற்கு என்ன சாட்சி? நம் திருமணங்கள் மணவறையிலும் பந்தலிலும் ஊரார் முன்னிலையில் நடந்தவை. அக்கினி சாட்சி உண்டு, ஆயிரம் பேர் சாட்சி உண்டு, தாள் சாட்சி கிடையாது. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் வசதி எல்லாருக்கும் இல்லை. ஆகவே ஊரில் கர்ணத்திடமும் மணியக்காரரிடமும் எழுதி வாங்குவது, இங்கே சத்தியப் பிரமாணம் செய்வது, படம் எடுத்து ஒட்டுவது என்று ஒரு பெரும் வேலை தொடங்கியது. நம் பாட்டிமார்களில் பலர் வாழ்க்கையில் முதன்முதலாகப் படம் எடுத்துக்கொண்டது கல்யாணத்துக்கு அன்று, பாஸ்போர்ட்டுக்கு. பலருக்குத் தனிப் பாஸ்போர்ட்டும் இல்லை. கணவரின் பாஸ்போர்ட்டிலேயே பெயர் சேர்த்திருப்பார்கள். தோட்டங்களில் இந்தப் பாரங்களை நிரப்பிக் கொடுத்தது கிராணியும் தமிழ்ப்பள்ளி வாத்தியாரும்தான். பெயரை ஒரு தாளில் "முனியம்மா" என்றும் இன்னொரு தாளில் "முனியம்மாள்" என்றும் எழுதிவிட்டு, பிற்காலத்தில் அந்த ஓர் எழுத்துக்காகப் பேரப்பிள்ளைகள் அலைந்த கதைகள் ஏராளம். வயதையும் அப்படித்தான், பார்வைக்குத் தோன்றியபடி எழுதினார்கள்.

அடுத்த அடி 1959இல் விழுந்தது. என் கருத்தில் நம் குடும்ப வரலாற்றை மிக அதிகமாக மாற்றியது இந்தச் சட்டம்தான். ஆனால் நம் மேடைகளில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. சுதந்திரம் பெற்று இரண்டாண்டுகளே ஆன மலாயா, குடிநுழைவுச் சட்டத்தை இறுக்கியது. பிள்ளைகளின் வயது வரம்பு குறைக்கப்பட்டது. மனைவியைப் பற்றியும் ஒரு விதி வந்தது. 1954 டிசம்பருக்குப் பிறகு தொடர்ந்து ஐந்தாண்டு காலம் கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவி, இனி அவனோடு சேர்ந்து வாழ இந்த நாட்டிற்குள் வர முடியாது. 1959 டிசம்பரில் அந்த ஐந்தாண்டும் நிறைவடைந்தது.

இதை அரசாங்கத்தின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். புதிய நாடு, வேலையில்லாத் திண்டாட்டம். "நீ இந்த நாட்டுக்காரன் என்றால் குடும்பத்தை இங்கே கொண்டு வா, அந்த நாட்டுக்காரன் என்றால் அங்கே போ. ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே வைத்துக்கொண்டிருக்காதே" என்பதுதான் அந்தச் சட்டத்தின் உட்பொருள். ஆட்சியாளர்களுக்கு அது நியாயமாகவே பட்டிருக்கும். ஆனால் நம்மவர்களில் பெரும்பகுதியினர் வாழ்ந்ததே அப்படித்தானே? மளிகைக் கடைக்காரர், பத்திரிகை விற்பவர், சலவைத் தொழிலாளி, முடிதிருத்துபவர், துறைமுகத் தொழிலாளி, இவர்களெல்லாம் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு தடவை ஊருக்குப் போய் வந்தவர்கள். அவர்களைக் கேட்டால் "குடும்பத்தோடுதான் வாழ்கிறேன்" என்பார்கள். மாதம் தவறாமல் பணம் போகிறது, கடிதம் வருகிறது, மூத்தவளுக்குக் காதுகுத்து, இளையவன் பள்ளியில் சேர்ந்துவிட்டான். சட்டத்தின் கண்ணுக்கு அது பிரிந்து வாழ்வது.

கெடு முடிவதற்குள் அழைத்துவிட வேண்டும் என்று கடன் வாங்கிக் கப்பல் சீட்டு எடுத்தவர்களின் கதையை வீட்டுக்கு வீடு சொல்லக் கேட்டிருக்கிறேன். நம்மில் பலருடைய தாயாரோ பாட்டியோ அந்த அவசரத்தில் வந்தவர்கள். வராமல் போனவர்களின் கதையை யாரும் அதிகம் சொல்வதில்லை. ஊரில் வயதான மாமியாரை விட்டுவிட்டு வர முடியாதவள், நிலத்தைக் கவனிக்க ஆளில்லாதவள், கடலைக் கண்டு பயந்தவள், இப்படிப் பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். கணவன் ஒன்று மூட்டை கட்டினார், அல்லது இங்கேயே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டார். தஞ்சாவூர்ப் பக்கமும் இராமநாதபுரம் பக்கமும் "மலாயாக்காரர் வீடு" என்று பெயர் பெற்ற சில வீடுகளில் அந்த மலாயாக்காரர் வாழ்ந்ததே இல்லை. அந்தப் பெண்களைக் குறை சொல்கிறவர்களும், ஆண்களைக் குறை சொல்கிறவர்களும், இடையில் ஒரு சட்டம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குடியுரிமை வந்ததும் இதே குடும்பங்களுக்குள் கோடு விழுந்தது. 1957 ஆகஸ்டு 31க்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளை பிறப்பால் குடிமகன். பெற்றவர்களோ விண்ணப்பித்தால்தான் குடிமக்கள். ஒரே வீட்டில் பிள்ளைக்கு நீல அடையாளக் கார்டு, தாய்க்குச் சிவப்பு. 1962இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பருக்குப் பின் பிறக்கும் பிள்ளையின் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று ஆனது. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. 1967இல் ஜொகூர்ப் பாலத்தின் இரண்டு முனையிலும் கடவுச்சீட்டுச் சோதனை வந்தது. அண்ணன் ஜொகூர் பாருவில், தங்கை சிராங்கூனில் என்று இருந்தவர்கள் ஒரே இரவில் வெளிநாட்டு உறவினர் ஆனார்கள்.

1969இல் வேலை அனுமதிச் சட்டம் அமலானபோது சிவப்புக் கார்டின் விலை எல்லாருக்கும் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். தோட்டங்களில் முப்பது நாற்பது ஆண்டு பால் வெட்டியவர்கள் பெர்மிட் இல்லாமல் ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். அதே ரஜூலாதான் ஏற்றிக்கொண்டு போனது. பிள்ளைகள் இந்த நாட்டுக் குடிமக்கள், பெற்றோர் இந்திய நாட்டவர். போன பெற்றோர் மறுபடி வந்து பிள்ளையோடு இருக்க வேண்டுமென்றால் பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும். தகப்பன் பிள்ளையை அழைத்தது போய், பிள்ளை தகப்பனை அழைக்கும் காலம் அப்படித்தான் தொடங்கியது.

சற்று முன் தாள் சாட்சி பற்றிச் சொன்னேன். சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு மாதர் சாசனம் வந்து திருமணப் பதிவை வலியுறுத்தியது. மலேசியாவில் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதியில்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் சமய முறைப்படியோ வழக்க முறைப்படியோ நடந்த திருமணங்கள் செல்லும். அதற்குப் பிறகு முஸ்லிம் அல்லாதார் எவரும் பதிவு செய்தே ஆக வேண்டும். கோயிலில் தாலி கட்டினேனே, ஐயர் மந்திரம் சொன்னாரே என்று இன்றும் பதிவுக்குப் போகாமல் இருக்கிறவர்கள் நம்மிடையே உண்டு.

அவர்களுக்கு இந்த விஷயம் தெரிய வேண்டும். பதிவு செய்யாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளையைச் சட்டம் முறையான மணத்தில் பிறந்த பிள்ளையாக ஏற்பதில்லை. அரசியல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, அத்தகைய பிள்ளைக்கு "தகப்பன்" என்று எழுதியுள்ள இடத்திலெல்லாம் "தாய்" என்று படித்துக்கொள்ள வேண்டும். தாய் குடிமகளாக இருந்தால் கவலையில்லை. தாய் தமிழ்நாட்டிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவராக இருந்தால், தகப்பன் பரம்பரை மலேசியராக இருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதோ பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்கும்போதோதான் பல வீடுகளில் இது தெரிய வருகிறது. பெற்றவர் பதிவகத்துக்குப் போகாத ஒரு காலைப் பொழுதுக்குப் பிள்ளை வாலிப வயது வரை விலை கொடுக்கிறது. 2011இல் மைடஃப்தார் என்ற இயக்கத்தை அரசாங்கம் நடத்தியபோது, பத்திரம் இல்லாத நம் மக்கள் எத்தனை மூலைகளில் இருக்கிறார்கள் என்பது வெளியே வந்தது.

நம் பெண்மக்களுக்கு இருந்த குறை இதற்கு நேர் எதிரானது. மலேசிய ஆணை மணந்த வெளிநாட்டுப் பெண், நிபந்தனைகள் நிறைவேறினால் குடிமகளாகப் பதிந்துகொள்ள அரசியல் சட்டம் வழி வைத்திருக்கிறது. மலேசியப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆணுக்கு அப்படி ஒரு வழி அதில் எழுதப்படவில்லை. பிள்ளை விஷயமும் அப்படியே இருந்தது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழியில்தான் தானாகக் குடியுரிமை. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். சென்னையில் வாழ்க்கைப்பட்ட ஈப்போ பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தால் அந்தப் பிள்ளை மலேசியன். இரண்டாவது பிரசவம் சென்னையில் என்றால் அந்தப் பிள்ளை தானாக மலேசியன் ஆகாது. ஒரே வயிற்றில் பிறந்த இருவர், விமான நிலையத்தில் இரண்டு வரிசை. சிங்கப்பூர் இந்தப் பேதத்தை 2004ஆம் ஆண்டிலேயே நீக்கித் தாய்மாருக்கும் உரிமை கொடுத்தது. இங்கே தாய்மார்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2024 அக்டோபரில் மக்களவை அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றித் தாய்க்கும் அந்த உரிமையை எழுதியது. "தகப்பன்" என்ற ஒரு சொல்லின் பக்கத்தில் "தாய்" என்ற ஒரு சொல்லைச் சேர்க்க மெர்டேக்கா தொடங்கி அறுபத்தேழு ஆண்டுகள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் இந்த நிகழ்ச்சியைப் பார்ப்பார்கள் என்பதால் அங்குள்ள நிலையையும் ஒரு வரி சொல்கிறேன். வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவர் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள 2018 முதல் மாதம் 6,000 வெள்ளியாவது சம்பளம் வேண்டும். தாய் தகப்பனை அழைக்க 12,000 வெள்ளி. கங்காணி காலத்தில் உறவு இருந்தால் போதும், முதலாளி சீட்டு எடுத்தார். 1953க்குப் பிறகு உறவை நிரூபிக்க வேண்டியதாயிற்று. இங்கே உறவை நிரூபித்த பிறகு சம்பளத்தையும் நிரூபிக்க வேண்டும். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் நம் திருச்சி, புதுக்கோட்டைத் தம்பிமார்களுக்கு இந்தக் கதவு கிடையவே கிடையாது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு தனியாக இருந்து உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். 1921ஆம் ஆண்டுக் குடிமதிப்பைப் பற்றிச் சொன்னேனே, அந்தத் தனி ஆண்களின் வரிசை இன்னும் முடியவில்லை.

கேள்வி நேரத்துக்குப் போகுமுன் ஒரு வேண்டுகோள். வீட்டில் பாட்டன் பாட்டியின் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். மங்கிப் போன நுழைவு அனுமதி, கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும் இந்தியப் பாஸ்போர்ட், மறுநுழைவுச் சீட்டு, குடியிருப்புச் சான்றிதழ், கப்பல் சீட்டின் அடிக்கட்டை, எதையும் எறியாதீர்கள். இன்று நம் இளைஞர்களில் பலர் இந்திய அரசாங்கத்தின் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கிறார்கள். அங்கே முதலில் கேட்பது, உங்கள் முன்னோர் இந்தியாவில் பிறந்தவர் என்பதற்கு என்ன அத்தாட்சி என்பதைத்தான். இங்கே வருவதற்காகப் பாட்டி வாங்கிய அந்த ஒரு தாளில் அவருடைய ஊர், வட்டம், ஜில்லா, தகப்பன் பெயர் எல்லாம் எழுதியிருக்கிறது. பாட்டி காலமானதும் பழைய குப்பை என்று அதை எரித்துவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். ஊர் பெயர் தெரியாமல் இப்போது அவர்கள் என்னிடம் வந்து, திருச்சிப் பக்கம் ஏதோ ஓர் ஊர் என்று அம்மா சொல்லுவாங்க சார், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்கள்.